மணியாச்சிச் சந்திப்பில் பத்து நிமிடம்

கடந்த கல்வியாண்டில் இளங்கலை இரண்டாமாண்டு மாணவர்களுக்கு விடுதலை இயக்கமும் தமிழிலக்கியமும் என்னும் பகுதியை நாம் நடத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து ஒரு வினாத் தொடுத்தார். "ஐயா, ஆஷ் துரை திருநெல்வேலியில் வண்டி ஏறினார், கொடைக்கானலுக்குப் போகவேண்டியவர். மணியாச்சியில் ஏன் ஓடாத வண்டியில் உட்கார்ந்திருந்தார்?" என்பதே அவ்வினா. வகுப்பில் சிலர் நகைத்தனர். நமக்கு நகைப்பு வரவில்லை. பதினைந்து ஆண்டுகளாக அந்த நிகழ்ச்சியைச் சொல்லி வந்திருக்கிறோம்; துப்பாக்கியின் பெயரைச் சொல்லியிருக்கிறோம்; கடிதத்தின் வாசகத்தைச் சொல்லியிருக்கிறோம். வண்டி ஏன் நின்றுகொண்டிருந்தது என்று ஒருநாளும் சொன்னதில்லை. அம்மாணவருக்கு அன்று நாம் கூறிய விடை குறையுடையது. அக்குறையை நிறைவு செய்யும் முயற்சியே இக்கட்டுரை.

சுருங்கச் சொன்னால், இணைப்பு வண்டிக்காக அந்த வண்டி காத்திருந்தது. ஆனால் அந்தக் காத்திருப்பு ஏன் ஏற்பட்டது என்று கேட்டால், ஒரு சிற்றூரின் இரயில் நிலையத்தினுடைய வரலாறு முழுவதையும் சொல்லியாக வேண்டும்.

கவைக்கோல் போன்ற பாதை

மணியாச்சி இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தில், ஓட்டப்பிடாரம் வட்டத்தில் உள்ள ஓர் ஊர். கரிசல் நிலம், மழை குறைவு. பாளையக்காரர் காலத்தில் தனிப் பாளையமாகவும் பின்னர் ஜமீனாகவும் விளங்கியது. வ.உ.சிதம்பரனார் பிறந்த ஓட்டப்பிடாரமும் கட்டபொம்மனின் பாஞ்சாலங்குறிச்சியும் இதே வட்டத்தில்தான் இருக்கின்றன. கட்டபொம்மன் 1799இல் தூக்கிலிடப்பட்ட கயத்தாறும் தொலைவில் இல்லை. இத்தனை பெயர்களுக்கு நடுவே மணியாச்சிக்கு எனத் தனிப்புகழ் ஏதும் அன்று இருந்ததாகத் தோன்றவில்லை. அதற்குப் புகழைத் தேடித் தந்தது இருப்புப்பாதையே.

தென்னிந்திய இரயில்வே நிறுவனம் 1874இல் இரு பழைய நிறுவனங்களின் இணைப்பால் உருவானது. திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரைக்கு 1875இல் பாதை வந்தது. மதுரையிலிருந்து தூத்துக்குடி வரையிலான பாதை 1876ஆம் ஆண்டின் தொடக்கத்தில் திறக்கப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நிறுவனத்தாரின் நோக்கம் மாவட்டத் தலைநகரான திருநெல்வேலி அன்று, துறைமுகமான தூத்துக்குடியே. கரிசல் காட்டில் விளைந்த பருத்தி, இலண்டன் சந்தையில் 'டின்னிஸ்' என்று திருநெல்வேலியின் பெயராலேயே வழங்கிற்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் நடந்த உள்நாட்டுப் போரால் பருத்தி வரத்து தடைப்பட்ட பின்னர் ஆங்கில ஆலை முதலாளிகளின் கண் இந்த மண்ணின் மீது விழுந்தது. பருத்தி கடலுக்குப் போகவேண்டும். ஆகவே தலைப்பாதை கோவில்பட்டி, கடம்பூர், மணியாச்சி வழியாகக் கிழக்கே திரும்பித் தூத்துக்குடிக்குச் சென்றது. தாமிரபரணிக் கரையிலிருந்த திருநெல்வேலிக்குக் கிடைத்தது கிளைப்பாதைதான். அந்தக் கிளை பிரியும் இடமே மணியாச்சி.

கவைக்கோல் ஒன்றை மனத்திற்கொண்டால் இது விளங்கும். கைப்பிடி வடக்கே மதுரையை நோக்கி இருக்கிறது. ஒரு கவை தூத்துக்குடிக்கும் மற்றொரு கவை திருநெல்வேலிக்கும் செல்கின்றன. மூன்றும் கூடுமிடத்தில் மணியாச்சி. தூத்துக்குடிக்கும் திருநெல்வேலிக்கும் இங்கிருந்து ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். அந்நாளில் திருநெல்வேலியில் வண்டி ஏறி வடக்கே செல்ல விரும்பிய எவரும், அவர் கலெக்டராயினும் கருப்பட்டி வியாபாரியாயினும், மணியாச்சியைக் கடந்தே தீரவேண்டியிருந்தது. வேறு வழி அன்று இல்லை.

ஒரு வரவேற்பு

பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்படுவதற்குச் சற்று முன்னரே, 1875 டிசம்பரில், இந்த நிலையம் ஒரு பெரிய கூட்டத்தைக் கண்டுவிட்டது. அப்போது இளவரசராக இருந்த எட்வர்டு, இலங்கையிலிருந்து கடல்வழியே தூத்துக்குடியில் இறங்கி, புதிய இருப்புப்பாதையில் மதுரைக்குப் பயணம் செய்தார். வழியில் மணியாச்சியில் திருநெல்வேலிச் சீமைக் கிறித்தவர்கள் பெருந்திரளாகக் கூடி அவரை வரவேற்றனர். அவர்களுக்குத் தலைமை தாங்கி நின்றவர்கள் கால்டுவெல், சார்ஜண்ட் ஆகிய இருவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட அதே கால்டுவெல்தான். தமிழ்த்துறை மாணவர்கள் அப்பெயரை மொழியியல் தாளில் மட்டுமே கண்டிருப்பர். கரிசல் காட்டுப் புழுதியில், புதிதாய்ப் போட்ட தண்டவாளத்தின் அருகில், வண்டிக்காகக் காத்து நின்ற கால்டுவெல்லை எண்ணிப் பார்ப்பது நமக்கு ஒரு தனி மகிழ்ச்சியைத் தருகிறது. அன்று அங்கு வந்த இளவரசர் பின்னாளில் ஏழாம் எட்வர்டு மன்னரானார். அவருடைய மகனே ஐந்தாம் ஜார்ஜ். இப்பெயரை மீண்டும் சந்திக்க நேரும்.

பாதை திறந்த அதே 1876இல் தாது வருடப் பஞ்சம் தொடங்கிற்று. பஞ்சத்தில் பிழைக்க வழியற்ற குடும்பங்கள் இலங்கைத் தோட்டங்களை நோக்கிப் புறப்பட்டன. பின்வந்த பல்லாண்டுகளில் தூத்துக்குடி–கொழும்பு வழியே தோட்டத் தொழிலாளர் செல்லும் பெருவழியாயிற்று. மணியாச்சியை அடுத்துத் தூத்துக்குடிப் பாதையில் உள்ள நிலையம் தட்டப்பாறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே இலங்கைக்குச் செல்லும் கூலிகளை நிறுத்தி வைத்து நோய்ச் சோதனை செய்து அனுப்பும் முகாம் இருந்தது. பின்னர் மண்டபம் முகாம் வந்தபோது தட்டப்பாறை மறக்கப்பட்டது. மண்டபத்தைப் பற்றி எழுதுவோர் பலர். தட்டப்பாறையைப் பற்றி எழுதுவார் அரியர். மணியாச்சியில் வண்டி மாறித் தட்டப்பாறையில் இறங்கிய அந்த மக்களுள் திரும்பி வந்தவர்கள் எத்தனை பேரோ!

போட் மெயில்

சென்னையில் ஏறித் தூத்துக்குடியில் இறங்கி, அங்கிருந்து கப்பலில் ஓர் இரவுப் பயணமாகக் கொழும்பு சேர்வது அக்காலத்து வழக்கம். கப்பலுக்கென்று ஓடிய வண்டியாதலால் அதற்குப் போட் மெயில் என்று பெயர். தனுஷ்கோடிக்கு ஓடிய போட் மெயிலையே நம் பெரியோர் பலரும் நினைவில் வைத்திருக்கின்றனர். அது 1914க்குப் பின்னர் வந்த ஏற்பாடு. அதற்கு முன் போட் மெயில் என்றால் தூத்துக்குடிதான். தூத்துக்குடியின் பழைய துறைமுகம் ஆழமற்றது. கப்பல்கள் கரையிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளியே நங்கூரமிடும். பயணிகளைச் சிறு நீராவிப் படகுகள் கரைக்குக் கொண்டுவரும். கரைக்கு வந்தவர்களை ஏற்றிக்கொண்டு வண்டி புறப்பட்டு மணியாச்சிக்கு வரும். திருநெல்வேலிப் பகுதியிலிருந்து வடக்கே செல்வோர் கிளை வண்டியில் வந்து மணியாச்சியில் அதற்காகக் காத்திருப்பர். மாணவரின் வினாவுக்கு விடை இங்கேதான் இருக்கிறது.

இந்த வழியில் பயணம் செய்தோரில் கணிசமானவர் முஸ்லிம் வணிகர்கள். கொழும்பில் கடை வைத்திருந்த காயல்பட்டினத்தாரும் கைத்தறித் துணி வணிகம் செய்த மேலப்பாளையத்தாரும் இலங்கைத் தொடர்பு இல்லாமல் வாழ்ந்தவர்கள் அல்லர். கடலில் ஓடியவை பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்தின் கப்பல்கள். அந்த ஏகபோகத்தை உடைக்கவே 1906 அக்டோபரில் சுதேசி நீராவிக் கப்பல் கழகம் தூத்துக்குடியில் பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம். பங்கு ஒன்றுக்கு 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். அவற்றுள் 8,000 பங்குகளை, அதாவது இரண்டு இலட்ச ரூபாய்க்கு, வாங்கியவர் ஹாஜி முகமது பக்கீர் சேட். கழகத்தின் செயலாளராகவும் அவர் விளங்கினார், வ.உ.சி. துணைச் செயலாளர். ஐந்தில் ஒரு பங்கை ஒருவரே வாங்கினார் என்பதை நம் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். 'கலியா', 'லாவோ' என்னும் இரு கப்பல்கள் 1907இல் வந்து சேர்ந்தன.

கப்பல் போட்டி என்பதைக் கடற்போட்டியாக மட்டும் எண்ணிவிடக் கூடாது. கப்பலில் ஏறும் மக்கள் இரயிலில் வந்தவர்கள். மணியாச்சி வழியே மூன்றாம் வகுப்பில் வந்து இறங்கும் பயணி எந்தக் கப்பலுக்குச் சீட்டு வாங்குகிறார் என்பதே போட்டி. வெள்ளையர் நிறுவனம் கட்டணத்தைக் குறைத்துப் பார்த்தது. அரசு அலுவலர்களும் அந்நிறுவனத்தின் பக்கமே நின்றனர். அவ்வாறு நின்றவர்களுள் அன்று தூத்துக்குடியில் உதவிக் கலெக்டராக இருந்த இராபர்ட் வில்லியம் டி எஸ்கோர்ட் ஆஷ் ஒருவர்.

1908 பிப்ரவரி இறுதியில் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். மார்ச் 12இல் வ.உ.சி. கைது, மறுநாள் திருநெல்வேலியில் கலகமும் துப்பாக்கிச் சூடும், ஜூலை 7இல் தீர்ப்பு. இவை யாவரும் அறிந்தவை. கழகம் சிதைந்து 1911இல் கலைக்கப்பட்டது. ஆஷ் 1910இல் திருநெல்வேலி மாவட்டக் கலெக்டர் ஆனார். வ.உ.சி.யும் ஆஷும் ஒரே ஆண்டில், 1872இல், ஒருவர் செப்டம்பரிலும் மற்றவர் நவம்பரிலும் பிறந்தவர்கள் என்பது போகிற போக்கில் சொல்லத்தக்க ஒரு செய்தி.

10.38 முதல் 10.48 வரை

1911 ஜூன் 17, சனிக்கிழமை. ஆஷும் அவர் மனைவி மேரியும் காலை ஒன்பதரை மணி அளவில் திருநெல்வேலியில் மணியாச்சி வண்டியில் ஏறினர். அவர்களுடைய குழந்தைகள் நால்வரும் கொடைக்கானலில் இருந்தனர். அவர்களைக் காணவே பயணம். முப்பது கிலோமீட்டரைக் கடக்க அந்த வண்டிக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. 10.38க்கு மணியாச்சி வந்து சேர்ந்தது. தூத்துக்குடியிலிருந்து போட் மெயில் வரவேண்டிய நேரம் 10.48. இடையில் பத்து நிமிடம். கணவனும் மனைவியும் முதல் வகுப்புப் பெட்டியில் எதிரெதிரே அமர்ந்திருந்தனர்.

இருவர் அப்பெட்டியை நெருங்கினர். ஒருவர் செங்கோட்டையைச் சேர்ந்த வாஞ்சி ஐயர், வயது இருபத்தைந்து, திருவிதாங்கூர்ப் பகுதியில் உள்ள புனலூரில் வனத்துறையில் பணிபுரிந்தவர். பெட்டியில் ஏறி, பெல்ஜியத்தில் செய்யப்பட்ட பிரௌனிங் கைத்துப்பாக்கியால் ஆஷின் மார்பில் சுட்டார். பிறகு நடைமேடையில் ஓடிக் கழிப்பறைக்குள் புகுந்து தம்மைத் தாமே சுட்டுக்கொண்டு மாண்டார். உடன் வந்தவர் தப்பினார். ஆஷ் சற்று நேரத்தில் உயிர் துறந்தார். பாளையங்கோட்டையில் அவர் கல்லறை உள்ளது. தொடர்ந்து நடந்த சதி வழக்கில் நீலகண்ட பிரம்மச்சாரி ஏழாண்டுச் சிறைத்தண்டனை பெற்றார்.

ஓடும் வண்டியில் இது நடந்திருக்க முடியாது. திருநெல்வேலியில் கலெக்டரை வழியனுப்ப வந்தோரின் கூட்டத்தில் நடப்பதும் எளிதன்று. கலெக்டர் ஒருவர் பரிவாரம் இன்றி, ஒரு சிற்றூரின் நடைமேடை ஓரத்தில், கால அட்டவணை எழுதி வைத்தபடி பத்து நிமிடம் அசையாமல் அமர்ந்திருக்கும் இடம் அம்மாவட்டத்தில் இது ஒன்றே எனலாம். அந்த அட்டவணை இரகசியமும் அன்று. நிலையச் சுவரில் ஒட்டப்பட்டிருப்பது.

வாஞ்சியின் சட்டைப் பையில் இருந்த கடிதத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜூன் 22இல் நடக்கவிருந்த ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் முடிசூட்டு விழாவை அக்கடிதம் எதிர்க்கிறது. 1875இல் இதே நடைமேடையில் வரவேற்கப்பட்டவரின் மகன்தான் அந்த ஜார்ஜ். சனாதன தருமத்தைக் காப்பது பற்றியும் அக்கடிதம் பேசுகிறது. மன்னரை இகழ்வதற்கு ஒடுக்கப்பட்ட மக்களின் சாதிப்பெயரைக் கையாள்கிறது. பிற்காலப் பதிப்புகள் சிலவற்றில் அச்சொல் திருத்தப்பட்டிருப்பதையும் ஆய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி எடுத்துக்காட்டியுள்ளார். வகுப்பறையில் இதைச் சொல்லலாமா என்று சில நண்பர்கள் நம்மிடம் வினவுவதுண்டு. சொல்லத்தான் வேண்டும் என்பது நம் கருத்து. உயிரைக் கொடுத்த இளைஞரின் துணிவையும் அவர் கடிதத்தில் உள்ள குறையையும் ஒரே வகுப்பில் சொல்லும் ஆற்றல் ஆசிரியருக்கு இருத்தல் வேண்டும். பக்கீர் சேட்டின் இரண்டு இலட்ச ரூபாயை அதே மணி நேரத்தில் சேர்த்துச் சொன்னால், அந்நாளைய இயக்கம் எத்தனை வகை மனிதரைக் கொண்டிருந்தது என்பது மாணவர்க்குத் தானே புலப்படும்.

பெட்டி பிரிக்கும் நிலையம்

கொலை நடந்த மூன்றாம் ஆண்டில், 1914 பிப்ரவரியில், பாம்பன் பாலம் திறக்கப்பட்டது. போட் மெயில் தனுஷ்கோடிக்குப் போய்விட்டது. கொழும்புப் பயணிகளின் கூட்டம் மணியாச்சியை விட்டு நீங்கிற்று. ஆயினும் கவைக்கோல் கவைக்கோலாகவே இருந்தது. 1904க்குள் திருநெல்வேலியிலிருந்து செங்கோட்டை வழியாகக் கொல்லம் வரை பாதை நீண்டுவிட்டதால், தென்மேற்குப் போக்குவரத்தும் இவ்வழியே வந்தது. 1951 ஏப்ரல் 14இல் தென்னக இரயில்வே அமைந்தது. விடுதலைக்குப் பின் நிலையத்தின் பெயர் வாஞ்சி மணியாச்சி ஆயிற்று.

எம் பள்ளிப் பருவத்தில் இங்கு ஓடியது மீட்டர் பாதை. இரு தண்டவாளங்களுக்கு இடையே ஒரு மீட்டர்தான். ஒற்றைப் பாதையாதலால், ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையம் வரை ஒரே சமயத்தில் ஒரு வண்டிதான் செல்லலாம். அதற்கு அடையாளமாக ஓர் இரும்புக் குண்டைத் தோற்பையில் வைத்துப் பிரம்பு வளையத்தில் கட்டி ஓட்டுநரிடம் கொடுப்பர். அதற்கு டோக்கன் என்று பெயர். இரு நிலையங்களிலும் உள்ள பொறிகள் மின்கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். ஒரு குண்டு வெளியே இருக்கும்வரை மற்றொன்று வெளிவராது. குண்டு கையில் இல்லாத ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். மணியாச்சியில் மூன்று திசைக்கும் மூன்று பொறிகள் வேண்டும். ஸ்டேஷன் மாஸ்டரின் அறையில் மணி அடித்துக்கொண்டே இருக்கும். அம்மணியோசையால்தான் ஊருக்கு மணியாச்சி என்று பெயர் வந்தது என்று சிறு வயதில் நம்பியிருந்தோம்.

வண்டி இங்கு வந்ததும் பெட்டிகளைக் கழற்றும் ஓசை கேட்கும். சென்னையிலிருந்து வந்த வண்டியின் ஒரு பகுதி தூத்துக்குடிக்கும் மற்றொரு பகுதி தெற்கேயும் போகும். எந்தப் பெட்டியில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறியாமல் உறங்கிவிட்டால் வேறு ஊரில் விழிக்க நேரும். தூத்துக்குடியில் ஒரு நிக்காஹுக்காக மதுரையில் ஏறிய எம் வாப்பா, திருநெல்வேலியில் கண் விழித்த கதை எம் வீட்டில் இன்றும் ஓய்ந்தபாடில்லை. மணவீட்டார் பிரியாணிச் சட்டியைக் கழுவிய பிறகே அவர் போய்ச் சேர்ந்தார். உம்மா அதைச் சொல்லும்போது வாப்பா செய்தித்தாளை உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

1990களின் தொடக்கத்தில் மதுரை–தூத்துக்குடிப் பாதை அகலப்பாதையாயிற்று. அதன் பின்னரும் பெட்டி பிரிக்கும் வழக்கம் நீடித்தது. சென்னை–குருவாயூர் விரைவு வண்டியின் தூத்துக்குடி இணைப்புப் பெட்டிகளும், நாகர்கோவில்–கோவை வண்டியின் தூத்துக்குடி இணைப்புப் பெட்டிகளும் இங்கேயே சேர்ந்தும் பிரிந்தும் ஓடின. 2020ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றின்போது அவ்வண்டிகள் நின்றன. பெட்டி பிரிக்கும் பழைய ஏற்பாடு அத்தோடு முடிந்தது. மின்மயமாக்கலும் இரட்டைப் பாதையும் வந்துவிட்டன. மதுரை–தூத்துக்குடி இரட்டைப் பாதைப் பணி 2024இல் நிறைவடைந்தது. இரட்டைப் பாதையில் எதிர்வண்டிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. நேர் வண்டிகள் பெருகின. பயணிக்கு நன்மையே; இதற்காக நாம் வருந்துவதாக எவரும் எண்ண வேண்டா. ஆனால் காத்திருத்தலே தொழிலாகக் கொண்ட ஒரு நிலையத்தில், காத்திருப்பவர் குறையும்போது தேநீர்க் கடையும் குறைகிறது, வடைக்காரரும் குறைகிறார்.

அந்த மாணவரின் வினாவுக்காகவே சென்ற ஆண்டு ஒரு சனிக்கிழமை, மாணவர்கள் பதினெட்டுப் பேருடன் திருநெல்வேலியில் தூத்துக்குடி பயணியர் வண்டி ஏறினோம். கங்கைகொண்டானைக் கடந்தபோது எதிரே ஒரு விரைவு வண்டி விரைந்து சென்றது. மணியாச்சியில் இறங்கி, நடைமேடையின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்தோம். கவை பிரியும் இடத்தை மாணவர்கள் கண்ணால் கண்டனர். வினாவெழுப்பிய மாணவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி ஓரிடத்தில் பத்து நிமிடம் அசையாமல் நின்றார். பிறகு நம்மிடம் வந்து, "ரொம்ப நேரம் சார்" என்று மட்டும் கூறினார்.

திரும்பும் வண்டிக்குச் சீட்டு வாங்க வரிசையில் நின்றோம். நமக்கு முன்னால், கோவில்பட்டிக்குப் பேத்தியைப் பார்க்கச் செல்லும் ஒரு மூதாட்டி. அவர் நம்மைத் திரும்பிப் பார்த்து, "வாத்தியாரய்யா, பிள்ளைகளைக் கூட்டிட்டு எங்க வந்திய?" என்று கேட்டார். வாஞ்சி மணியாச்சியைப் பார்க்க வந்ததாகச் சொன்னோம். "மணியாச்சியிலயா? இங்க பாக்க என்ன இருக்கு? இது வண்டி மாறுத எடம்லா!" என்றார்.